குப்புசாமியின் முன்பாதி

மாப்பிள்ளை, பெயர் கிடைத்துவிட்டது!

இன்று காலை போனில் ஒரு படம் வந்தது. செம்மண் ஒட்டிய உடைந்த கல் ஒன்றை இரண்டு கைகள் ஏந்திக்கொண்டிருக்கின்றன. கல்லில் சில ஆங்கில எழுத்துகள். கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், நுரையைத் துப்பக்கூட மறந்து படித்தேன். குப்பு. நம் சாமியின் முன்பாதி! உடனே உன் எண்ணைத் தேடிப் போய்விட்டது விரல். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பது பிறகுதான் உறைத்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். உன்னைவிட்டால் யாருக்கு இது புரியும்?

சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த உன்னையும், ரிக் வண்டியோடு ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்த என்னையும் முதலாளி சேர்த்துக் கென்யாவுக்கு அனுப்பினார். நீ டிரைவர், நான் மேனேஜர். அங்கே தாய்மாரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். நிலத்துக்கார அம்மாளை ஊரே மாமா என்றதும், "மாமனுக்குச் சேலை கட்டி உட்டுட்டாங்கடா" என்று நீ சிரித்த சிரிப்பில், காரணம் தெரியாமலே அந்த அம்மாளும் சிரித்தார். அன்றிலிருந்து நமக்கும் அவர் மாமாதான். இன்று படம் அனுப்பியது அவரே.

அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்கள் மஞ்சள் கேன்களைச் சுமந்துகொண்டு காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டப் போவார்கள். நீரோட்டம் பார்த்தவர் மாமாவின் நிலத்தில், முள்புதருக்கு நடுவே பாயிண்ட் குறித்துக் குச்சி நட்டு வைத்திருந்தார். புதரை வெட்டினோம். உள்ளே கற்கள். வரிசை வரிசையாக, பாதி மண்ணில் புதைந்து.

மாமாவின் முகம் மாறியது. அவருடைய மாமனார் சொன்ன கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளைக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த இந்தியச் சிப்பாய்களின் கல்லறைகள். சண்டையில் செத்தவர்களும் உண்டு, காய்ச்சலில் செத்தவர்களும் உண்டு. "உங்கள் நாட்டு ஆட்கள்தான். யாரும் தேடி வரவில்லை" என்றார்.

நீ வண்டியிலிருந்து குதித்து ஓடினாய். தோளில் கிடந்த துண்டாலேயே கல் கல்லாகத் துடைத்தாய். பெரும்பாலும் எழுத்தே தெரியவில்லை. ஒரு கல் மட்டும் நெடுக்காகப் பிளந்து, வலப்பாதியோடு நின்றது. நான் எழுத்துக் கூட்டினேன். மேலே 'சாமி'. கீழே 'டிராஸ்'.

"மெட்ராஸ்! டேய், நம்மாளுடா!" என்று நீ போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குருவியெல்லாம் கிளம்பிவிட்டன. அப்புறம் கல்லின் முன் குந்தி, "ஏனுங்க சாமி, எந்த ஊருங்க?" என்று கேட்டாய். நம் பக்கம் பெரியவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி. இவருக்கு என்ன வயதிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "கல்லை அக்கட்ட நவுத்திப் போட்டுட்டு ஓட்டுங்க. பாயிண்டை மாத்தித் தண்ணி வரலீன்னா அந்த ஊரு பொம்பளைங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நீயோ வண்டிச் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

"அவுங்க வந்ததும் போருக்கு, நாம வந்ததும் போருக்கு. படுத்திருக்கறவுங்க மேல ராடு எறக்க எனக்கு வராது மாப்ள."

முடிவை மாமாவிடம் விட்டேன். அவர் கற்களைப் பார்த்தார். காலி கேன்களோடு நின்ற பெண்களைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளிப் போர் போடுங்கள். விருந்தாளிகளை எழுப்ப வேண்டாம்" என்றார்.

தள்ளிப் போட்டோம். துளைக்கம்பியை ராடு மேல் ராடாக இறக்கினோம். வெறும் வெள்ளைப் புழுதி. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் காலி கேன்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கப்போனேன். நீ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னொரு ராடு மாப்ள. ஒண்ணே ஒண்ணு."

அந்த ராடு பாதி இறங்கியதும் புழுதி கறுத்தது. பிறகு சேறு. பிறகு, அப்பப்பா, வேல மரத்துக்கு மேலே பீய்ச்சி அடித்தது தண்ணீர்! பெண்கள் குலவையிட்டார்கள். மாமா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். நீ எப்படியோ நழுவி இறங்கி, ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடி, அந்தப் பாதிக் கல்லின் மேல் ஊற்றினாய்.

"மொதத் தண்ணி உங்களுக்குத்தானுங்க சாமி. கலங்கலா இருக்குது, சித்தெ பொறுத்துக்கங்க."

ஊருக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு கல்லிடமும் "போயிட்டு வாரேனுங்க" என்று சொன்னாய். மறுபடி போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்குள் உன் நெஞ்சு முந்திக்கொண்டது.

இப்போது கேள். பள்ளிக்கூடத்துக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது முன்பாதி அகப்பட்டதாம். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் மயிரிழை இடைவெளி இல்லையாம். பிறகு மாமா என்னை வீடியோவில் கூப்பிட்டு, பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அவர் போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். ஒரு வகுப்பே சேர்ந்து கத்தியது: "குப்புசாமி!" கேட்டாயா மாப்பிள்ளை? செத்து நூறு வருடம் தாண்டிய மனிதரை, அவர் யாருக்காகச் செத்தார் என்றே தெரியாத பிள்ளைகள், பாடம் ஒப்பிப்பதுபோலத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

குப்புசாமி என்றால் நம் பக்கம் தெருவுக்கு ஒருவர். சேந்தமங்கலத்துக்காரரா, ஆத்தூர்க்காரரா, நம் பக்கமே இல்லையா, அது இனித் தெரியப்போவதில்லை. தெரியாததில் எனக்கு வருத்தமும் இல்லை. நாமக்கல்லில் பஸ் ஏறும்போது எதிரே வருகிற யாரைப் பார்த்தாலும், இவருடைய பாட்டன் வீட்டு ஆள்தான் குப்புசாமியோ என்று தோன்றுகிறது.

உன்னிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே பாயிண்ட் வைத்தாலும், வண்டியைத் தோட்டங்காட்டுக்குள் விடுமுன் ஒரு சுற்று நடக்கிறேன். புதரை விலக்கிப் பார்க்கிறேன். அந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று விசாரிக்கிறேன். போன வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் பொறுமை இழந்து கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, நீங்க தண்ணி பாக்க வந்தீங்களா, ஆளைப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க" என்றேன்.