இரண்டாவது ஊ

பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 9.

அன்புள்ள மாரிகாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் லீஸும் அப்படியே இருக்க வேண்டும். நான் போனில் பேசினால் ரயில் ஓடுவதுபோல் ஓடுகிறேன், பாதிக்கு மேல் புரிவதில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் மகள் நிதானமாகப் படித்துச் சொல்லட்டும். லீஸ் கண்ணு, எதையும் விட்டுவிடாமல் படி. என் வீட்டுக்காரர் செட்டை நான் திட்டுகிற இடங்களையும் சேர்த்துத்தான்.

நீங்கள் கொடுத்தனுப்பிய கறுப்பு ரொட்டி உங்கள் பிள்ளை ஊகுவின் பெட்டியில் நசுங்காமல் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. இங்கே எந்தக் கடையிலும் அந்தப் புளிப்பு கிடையாது. வழக்கமாகப் பொட்டலத்தின் மேல் ‘டார்லீனுக்கும் செட்டுக்கும்’ என்று உங்கள் வட்ட வட்டமான கையெழுத்தில் இருக்கும். இந்தத் தடவை ‘டார்லீனுக்கு’ என்று மட்டும் இருந்தது. நான் பார்க்காததுபோல் கத்தியை எடுத்தேன். ஆனால் செட் பார்த்துவிட்டார். வெண்ணெய் தடவி ஒரு துண்டு நீட்டினேன். “எனக்கு எழுதலியே, நீ சாப்பிடு” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரொட்டிக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிற மனுஷர் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊகு சாப்பிட வந்தான். தன் முதல் ஆட்டத்துக்கு நீங்கள் வரப்போவதில்லை, உருளைக்கிழங்கு வேலை இருக்கிறதாம் என்றான். மாரிகா, செப்டம்பரிலேயே தோண்டி எடுத்துவிடுவோம் என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நான் அவனை விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “டார்லீன்மா, டிராஃப்ட் அன்னிக்கு டிவில வந்த அந்த வீடியோவ அம்மா பாத்துட்டாங்க. ‘ஒரு வருஷம் அவங்க வீட்ல தங்கிப் படிச்சு சோறு தின்ன பிள்ளை, அந்த ஆளே உன்னப் பாத்து ஊளையிடுறாரே’ன்னு அழுதாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். நீ அவங்களுக்குப் பரிஞ்சு பேசுறேங்கிறாங்க.”

அன்று செட் அறையில் இல்லை, நல்லவேளை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் மெலிசு. அவருக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் அந்த டிராஃப்ட் நாளில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் புருஷன் என்பதற்காக ஒன்றையும் பூசி மெழுக மாட்டேன்.

வருஷா வருஷம் ஜூன் மாதம் எங்கள் பேட்டைக்காரர்கள் எல்லாரும் தீயணைப்புக் கூடத்தில் கூடுவோம். பெரிய திரை, பியரோகிக் கொழுக்கட்டை, பீர். எங்கள் ரிவெட்ஸ் கூடைப்பந்து அணி யாரை எடுக்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வருஷம் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஜமீல் பிராட்வேட் என்று ஒரு பையன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோம்வுட்டில் பிறந்து வளர்ந்தவன். சின்னப் பிள்ளையாக அவன் பந்து தட்டிக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எங்கள் முறை வரும்வரை வேறு எந்த அணியும் அவனை எடுக்கவில்லை. கூடம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஆஞ்சி அவன் பெயர் எழுதின கேக்கையே வெட்டத் தயாராக வைத்திருந்தாள்.

நம் ஊகுவும் அன்றைக்குத் தேர்வில் இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவன் கடைசியில்தான் போவான் என்று பேப்பர்காரர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். வெயில் அடிக்கிற ஊர் ஏதாவது எடுக்கட்டும், பிள்ளை பனியிலேயே பிறந்தவன் என்று செட் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அணி அவனை எடுக்கும் என்று கனவுகூடக் காணவில்லை.

மேடையில் அந்தப் பெரிய மனிதர் சீட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தார். எப்படிப் படித்தார் தெரியுமா? “யூக்கூ கேஸ்க்.” நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது யார் என்று எனக்கே விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அவன் ஊகு. கேஸ்க் என்றால் எங்கள் பாஷையில் பீப்பாய். பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: “ஆள எடுங்கடான்னா பீப்பாய எடுத்திருக்கானுங்க!” இன்னொருத்தன்: “கண்ணு முன்னாடி நம்ம ஊர்ப் பையன் நிக்கிறான், இவனுங்க எங்க போயி பொறுக்கிட்டு வந்திருக்கானுங்க பாரு!” உடனே கூடம் முழுக்க ஊ என்று ஊளையிட ஆரம்பித்தது. பிடிக்காத தேர்வுக்கு அப்படிக் கத்துவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். செட்டும் கத்தினார். அதை நான் மறைக்கவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகவே கத்தினார். முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிற குரல் அது.

அப்புறம்தான் திரையில் படம் வந்தது. அந்தக் காதுகள்! உங்கள் பிள்ளையின் காதுகளை ஆயிரம் பேர் நடுவிலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். நான் செட்டின் முழங்கையைப் பிடித்தேன். அவர் ஊவென்று திறந்த வாயை மூடவே இல்லை, ஆனால் சத்தம் நின்றுவிட்டது. பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார். கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கத்தினார், “ஊ... கு!” என்று. “என் பையன்டா அது! என் பையன்டா!” என்றும் கத்தினார். சுற்றிலும் எல்லாரும் ஊளையிட்டுக்கொண்டிருந்ததால் அந்தக் ‘கு’வும் கேட்கவில்லை, ‘என் பையன்’ என்றதும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் டிவிக்காரன் கேமராவை இந்தப் பக்கம் திருப்பித் தொலைத்தான்.

நீங்கள் அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். தொப்பி எங்கே இருக்கிறது? செட் சாப்பிடும்போதுகூடத் தொப்பியோடுதான் உட்காருவார். முதல் தடவை நாம் முகம் பார்த்துப் பேசியபோது, செட்டுக்கு வழுக்கையா என்று நீங்கள் ஊகுவிடம் ரகசியமாகக் கேட்டு, அவன் அதை எங்களுக்கு மொழிபெயர்த்துவிட்டானே, ஞாபகம் இருக்கிறதா? கோயிலிலும் தேசிய கீதத்துக்கும்தான் அது தலையை விட்டு இறங்கும். திட்டுகிறவன் எவனாவது தொப்பியைக் கழற்றிவிட்டுத் திட்டுவானா?

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு மாதம் நல்ல பூசை விழுந்தது. அடுத்த முறையிலேயே எங்கள் பரம எதிரிகளான கிளீவ்லாண்ட்காரர்கள் ஜமீலைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். வேறு யார் கொண்டுபோயிருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் பொறுத்திருப்பார்கள். ரேடியோவைத் திறந்தால் ஒரே வசவு. அணி மேலாளரை ஆற்றில் தள்ள வேண்டும் என்றான் ஒருவன், இங்கே ஓடுகிற மூன்றில் எந்த ஆற்றில் என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். ஆஞ்சி எங்களுக்குத் தக்காளி கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். “ஒங்க பீப்பாய்ப் பையன் தருவான், போய் வாங்கிக்க” என்று வேலிக்கு மேலே எட்டிச் சொன்னாள். அவள் கேக் வீணாய்ப்போன கோபம் அவளுக்கு.

கடைசியில் செட் ரேடியோ நிலையத்துக்குப் போன் பண்ணினார். தன் தம்பிக்கே போன் பண்ணாத மனுஷர். அவர் பேசியதை ஆஞ்சியின் மகன் பதிவு பண்ணி வைத்திருக்கிறான், அதனால் அப்படியே எழுத முடிகிறது. “தம்பி, அந்தப் பையன் என் வீட்டு மாடியில ஒரு வருஷம் இருந்தான். பனி கொட்டுற நாள்ல எனக்கு முன்னாடி எந்திரிச்சி வாசல்ல பனி தள்ளுவான். எங்க வாசல் மட்டுமில்ல, தெருவுல பாதி வாசல். யாரும் கேக்கல, யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. பனி தள்ளுறவன் தற்காப்பு ஆடுவான்யா, எழுதி வெச்சிக்க” என்றார். ரேடியோக்காரர் சிரித்துக்கொண்டே, அப்போ ஊளையிடுவதை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டார். “எதுக்கு நிறுத்தணும்? நல்லாக் கத்துங்க. கடைசியில ஒரு ‘கு’ மட்டும் சேத்துக்குங்க. தொப்பியக் கழட்டிட்டுக் கத்துங்க, அப்பத்தான் அவனுக்கு வித்தியாசம் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மூளை எப்போது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். போன செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆட்டம். ஊகு இரண்டாம் பாதியில் பெஞ்சிலிருந்து எழுந்து ஆட வந்தான். அரங்கம் முழுக்க “ஊ” என்றது. பிள்ளை ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் நிமிர்ந்து பார்த்தான். கீழ் வரிசையிலிருந்து உச்சிவரை எல்லார் தொப்பியும் கையில்! அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மாரிகா. காது வரைக்கும் சிரித்தான், அவன் காதுக்கு அது ரொம்ப தூரம். பந்தைப் பறித்து ஓடினபோது எனக்குப் பக்கத்தில் ஆஞ்சி தன் குளிர்த்தொப்பியைச் சுழற்றிக்கொண்டு “பீப்பாய், உருளுடா செல்லம்!” என்று கத்தினாள். மறுநாள் வாசலில் ஒரு கூடை தக்காளி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளை உங்களிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் எங்களோடு இருந்த அந்தக் குளிர்காலம் எனக்கு மார்பில் கட்டி எடுத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாணவர்களை அனுப்பி வைக்கிற அமைப்பிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். நோய் உள்ள வீடு, பையனை வேறு நல்ல குடும்பத்துக்கு மாற்றிவிடுகிறோம் என்றாள். ஊகு மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும், நான் இங்கேயே இருக்கிறேன்” என்றான், அப்போது அவனுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் முட்டையாகத்தான் சாப்பிட்டோம். நான் ஆஸ்பத்திரியில் இருந்த இரவுகளில் அவனும் செட்டும் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அந்தப் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் இந்த மனுஷர் அந்த வருஷம் உடைந்திருப்பார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு நீங்கள் ஒரு பிள்ளையை அனுப்பினீர்கள். அதற்கு நான் எத்தனை ரொட்டி தின்றும் நன்றி சொல்லி முடியாது. அப்படிப்பட்ட உங்களுக்குப் போய் எங்கள் வீட்டு வாயால் ஒரு வருத்தம் வந்துவிட்டதே என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

இன்று காலையில் செட் சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் வீட்டு முன்னால் தெருவில் போட்டிருக்கிறார். இங்கே நாற்காலி போட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரும் வண்டி நிறுத்த மாட்டார்கள். ஆனால் அது பனி காலத்து வழக்கம், கஷ்டப்பட்டுத் தள்ளிச் சுத்தம் பண்ணின இடத்துக்குத்தான் போடுவார்கள். இப்போது வெயில் பளீரென்று அடிக்கிறது. ஆஞ்சி சும்மா இருப்பாளா? “யோவ் செட்டு, பனி எங்கய்யா? யாருக்கு எடம் புடிக்கிற?” என்றாள். “ஊகு அவங்க அம்மாவக் கூட்டிட்டு வருவான். அவங்க தூரமா எறங்கி நடக்கக் கூடாது” என்றார். “அவங்க வரலேன்னு சொல்லிட்டாங்களாமே” என்றாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நேராகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

வாருங்கள், மாரிகா. மாடி அறையில் ஊகுவின் பழைய கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன். அரங்கத்தில் அந்தச் சத்தம் எழும்பும்போது பயப்படாதீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் தலைகளைப் பாருங்கள். உங்கள் பிள்ளையை இந்த ஊர் எப்படிக் கூப்பிடுகிறது என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். அதற்குப் பிறகும் கோபம் இருந்தால் எங்கள் சமையலறையிலேயே வைத்து இந்த மனுஷரைத் திட்டுங்கள், உங்கள் பாஷையிலேயே திட்டுங்கள், நான் ஊகுவை மொழிபெயர்க்க வைக்கிறேன். உங்களுக்கும் லீஸுக்கும் எந்தக் குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் டார்லீன்

பி.கு.: ரொட்டியில் பாதியைச் செட்டுக்காக ஈரத்துணியில் சுற்றி அப்படியே வைத்திருக்கிறேன். கடிதத்தின் கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார் அவர். பஸ் கம்பெனிக்கு விடுப்புக் கடிதம்கூட நான் எழுதி அவர் கையெழுத்துத்தான் போடுவார். இப்போது பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரிகா, மொத ஊ என்னுதுதான். தொப்பியக் கழட்டி வெச்சிட்டுத்தான் இத எழுதுறேன். வாங்க.
செட்