ஒண்ணும் வளரலையாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும். இங்கே நாங்களும் சுகமே என்று எழுதத்தான் இந்தக் கை பழகியிருக்கிறது. முதல் தாளில் அப்படியே எழுதியும் விட்டேன், பிறகு அதைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இந்தத் தாளை எடுத்தேன். அம்மாவை ஆபரேஷன் அறைக்குள் அழைத்துப் போய் அரை மணி நேரம் ஆகிறது. குறைந்தது மூன்று மணி நேரம் பிடிக்கும் என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது குட்டிம்மா. போன மாதம் அம்மா உனக்குப் போன் பண்ணி, முட்டியில் நீர் எடுத்துப் பார்த்தாங்க, ஒண்ணும் வளரலையாம், கிருமியே இல்லையாம் என்று சந்தோஷமாகச் சொன்னாளே, அது நல்ல செய்தி இல்லை. அப்புறம் நான் போன் பண்ணி, டாக்டர் ஊரில் இல்லாததால் ஆபரேஷன் தள்ளிப்போயிற்று என்றேனே, அது பொய். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவுக்கு இடது முட்டியில் செயற்கை மூட்டு வைத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது, இடையில் ஒரு குறையும் இல்லை, மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறினாள் என்று உனக்கே தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் முட்டியைத் தொட்டுப் பாருங்க, மேல போட்ட துணிகூடச் சூடாகுது என்றாள். தொட்டேன். சூடுதான், லேசாக வீக்கமும் இருந்தது. இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பான். நான் முப்பத்தெட்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் அல்லவா, தெருவே அரை டாக்டர் என்று கூப்பிடுகிறதல்லவா, எனக்கு எதற்கு டாக்டர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று உன் தாய்மாமா என்னைச் சீண்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கடையிலிருந்து ஆன்டிபயாடிக் எடுத்து வந்து, அட்டையிலிருந்து பிரித்து, காகித உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று மேலே எழுதி, வீக்கத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஐந்து நாளில் சூடு கொஞ்சம் தணிந்தது, நிறுத்தினேன், மறுபடி வந்தது, இன்னும் வீரியமானதைக் கொடுத்தேன். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள் என்று கடையில் ஒரு பலகை தொங்குகிறதே, அதை என் கையால் எழுதி என் கையால் ஆணி அடித்து மாட்டியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

வலி தாங்காமல் கடைசியில் எலும்பு டாக்டரிடம் போனோம். அந்தப் பெண் உன் வயதுதான் இருப்பாள், பேச்சு வேகம், கை அதைவிட வேகம். முட்டியில் ஊசி வைத்து நீர் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, ரெண்டு வாரத்துக்குள்ள ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் இல்ல டாக்டர் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் எங்கள் கடைக்கு வருகிறவள், சார் மெடிக்கல் ஷாப் மேடம், இவருக்குத் தெரியாததா என்று ஒரு புன்சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை இழக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அன்று காலையில்கூட அவள் ஒரு மாத்திரை போட்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. ஒன்றும் வளரவில்லை. ரத்தத்திலும் எல்லாம் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது, அப்படியானால் மூட்டு எலும்போடு ஒட்டாமல் ஆடுகிறது, வேறொன்றும் இல்லை, கழற்றிவிட்டு அன்றைக்கே புதுசு வைத்துவிடலாம், ஒரே ஆபரேஷன் என்றாள் டாக்டர். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு தடவைன்னா கண்ண மூடிக்கிட்டுத் தாங்கிடுவேன், ரெண்டு தடவ வெட்டுன்னா என்னால ஆகாதுங்க என்று ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தாள். போன முறை முட்டியை மடக்கிப் பழக்கிய அந்த ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளே, அதற்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தவள் வைக்கவே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அல்லவா, டாக்டர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உனக்கும் பெரியம்மாவுக்கும் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மாத்திரை உடம்பில் இருக்கும்போது எடுத்த நீரில் கிருமி தலை காட்டாது என்பது மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா. கிருமி இல்லை என்று நினைத்துப் புதுசை வைத்தால் அதிலும் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் காலையே மறந்துவிட வேண்டியதுதான்.

தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் அவளுக்கு இரண்டு ஆபரேஷன், சொல்லாவிட்டால் ஒன்று, ஒருவேளை கிருமி இல்லாமலே இருந்துவிட்டால் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அவள் பெரியம்மாவோடு போனில் பேசியது காதில் விழுந்தது. எனக்கென்ன பயம்க்கா, கூட இருக்கிறவரு யாரு, இவரு தப்பா ஏதாவது நடக்க விடுவாரா என்றாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டோக்கன் இல்லாமல் உள்ளே நுழைந்ததற்கு அந்த நர்ஸ் முறைத்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், கடைசி மாத்திரை எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. நான் கேட்டப்ப ஏன் சார் சொல்லல என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். பிறகு விளக்கினாள். உள்ளே இருக்கும் உலோகத்தின் மேல் கிருமி பாசி மாதிரி படிந்துவிடுமாம், தொட்டியில பாசி புடிச்சா தண்ணிய மாத்தி என்ன பிரயோஜனம், தொட்டியையே மாத்தணும் என்றாள். மூட்டைக் கழற்றி, எலும்பைச் சுரண்டிக் கழுவி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையை அந்த இடத்தில் வைத்து, ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றி, ரத்தம் சுத்தமானது என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவது ஆபரேஷனில் புது மூட்டு. சில பேருக்கு அப்படியும் அடங்காது, காலை மடக்க முடியாமல் நேராகவே நிறுத்திவிட வேண்டி வரும், இன்னும் மோசமாகவும் போகலாம், சொல்ல வேண்டியது என் கடமை என்றாள். அந்த இன்னும் மோசத்தை நான் எழுதமாட்டேன், நீயே புரிந்துகொள்வாய். முதலில் இரண்டு வாரம் ஒரு மாத்திரையும் இல்லாமல் இருந்து மறுபடி நீர் எடுக்க வேண்டும், இத அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன் என்று எழுந்துவிட்டாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மாத்திரை பெயர் என்ன என்று கேட்டாள், சொன்னேன், எக்ஸ்சேஞ்சில் நம்பரைத் திருப்பிச் சொல்வது போல அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ரெண்டு தடவையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மீதித் துணியை மடித்து முடித்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து தேவைக்குத்தான் பேச்சு. அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதே. மாத்திரை நின்றதும் முட்டி மறுபடி சிவந்தது, பழைய தழும்பின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை விழுந்து கசிய ஆரம்பித்தது, நான்தான் தினமும் பஞ்சு மாற்றினேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் தடவை எடுத்த நீரில் வளர்ந்துவிட்டது. கிருமிக்குப் பெயர் தெரிந்துவிட்டது, அதற்குக் கேட்கும் மருந்தும் தெரிந்துவிட்டது. பெண்டாட்டி காலில் கிருமி இருக்கிறது என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் கட்டிலை முன்னறைக்கு இறக்கியாயிற்று, படியேற முடியாது அல்லவா. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்திருக்கிறேன். உன் தாய்மாமா ஒத்தாசைக்கு வந்திருக்கிறார், ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கிறார். மாடித் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதை இன்னும் சரிசெய்யவில்லை. நீ இப்போதே கிளம்பி வரவேண்டுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அம்மாவிடமே கேள், அவளுக்காக நான் பதில் சொன்னது போதும்.

இன்று காலை முதல் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து, என்னென்ன மருந்து சாப்பிட்டீங்க என்று கேட்டார். பழக்க தோஷம், நான் வாயைத் திறந்துவிட்டேன். அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். நான் சொல்றேன், எழுதிக்குங்க என்றாள். மாத்திரை பெயர், எத்தனை நாள், எப்போது நிறுத்தியது, அப்புறம் மாற்றியது எது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். முதல்ல கேட்டப்ப இல்லைன்னு சொன்னோம், அது தப்பு, அதையும் எழுதிக்குங்க என்றாள். சொன்னோம் என்றாள், குட்டிம்மா, சொன்னார் என்று சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சர் நகரும்போது என் விரலைப் பிடித்தாள், அவள் கை ஜில்லென்று இருந்தது, எனக்குப் பயமா இருக்குங்க என்றாள். எனக்கும்தான் என்றேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல், நிறைவாக வாழ வேண்டும், அதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய். நீ கிளம்பிப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மாத்திரை கொடுத்துவிட்டேனே, காய்ச்சலுக்கு இது, தொண்டைக்கு இது என்று என் கையெழுத்தில் எழுதி, அதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தூக்கி எறிந்துவிடு. பேத்திக்கு அதிலிருந்து எதையாவது கொடுத்திருந்தால் அங்குள்ள டாக்டரிடம் கூசாமல் சொல்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்பது இது வந்து சேருவதற்குள் போனில் உனக்குத் தெரிந்துவிடும். ஆனால் போனில் நான் இதையெல்லாம் சொல்லமாட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலிலேயே தபால்பெட்டி இருக்கிறது, இப்போதே போய்ப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். கையிலேயே வைத்திருந்தால், அவள் நல்லபடியாக வெளியே வந்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பயத்தோடு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா