துக்க வருஷத்தில் பின்னிய போர்வை

குபாட்,
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட சாயங்காலம்.

அன்பு மகள் ஜோவெலினுக்கு அம்மா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன், காலையில் எழுந்து வாசல் கூட்டுகிறேன், ஆகையால் என்னைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளை எஃப்ரெனும் உன் வயிற்றில் இருக்கிறதும் அந்தத் தோஹாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் எல்லாருடைய பெயரையும் சொல்கிறேன், உள்ளே இருக்கிறதுக்கு இன்னும் பெயர் இல்லாததால் குட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன், மாதாவுக்குப் புரியும். கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகடு அடித்தாகிவிட்டது. அப்பாவின் படகை உன் சித்தப்பா மகன் எடுத்துப் போகிறான், வாரத்துக்கு இரண்டு தரம் மீன் கொண்டுவந்து வாசலில் தொங்கவிட்டுப் போகிறான், வா என்றால் வருவதில்லை, என் கறுப்புத் துணியைப் பார்க்க அவனுக்குச் சங்கடம்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். போர்வை வேண்டாம்மா, அத்தை சொல்றது சரிதான், போன தடவை ஆனது போதும், எனக்குப் பயமா இருக்கு என்றாய். நான் சரி என்று சொல்லவில்லை, ம் என்றேன். அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டிருந்தால் அது உன் பிசகு. போர்வை முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு க்ளெண்டா லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் பையில் அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தை அதன் மடிப்புக்குள் வைக்கிறேன். இதை முழுதாகப் படித்துவிட்டு அதை விரி. படித்த பிறகும் குழந்தையைப் போர்த்த மனசு வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு, வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பின்னாமல் இருந்திருப்பேன் என்று மட்டும் நினைக்காதே.

உன் அத்தை சோலெங் உனக்குப் போன் போட்டாள் என்று அவள் மேல் நான் கோபப்படவில்லை, நீயும் படாதே. ஊசியும் கையுமாக என்னைப் பார்த்த அன்றே வாசலில் நின்றபடி ஆரம்பித்துவிட்டாள். அண்ணி, கறுப்பு உடுத்திக்கிட்டு பொறக்காத பிள்ளைக்குப் பின்றியே, இது அடுக்குமா, வருஷம் முடியட்டும், பூசை வச்சு ஊருக்குச் சோறு போட்டு கறுப்பைக் கழட்டு, அப்புறம் எவ்வளவு வேணாலும் பின்னு என்றாள். அதுக்குள்ள அது நடக்க ஆரம்பிச்சு போர்வையை வாலாட்டம் இழுத்துக்கிட்டுத் திரியும் என்று நான் சொன்னேன். சிரிக்காதே அண்ணி, அண்ணனைப் பெட்டியில கிடத்தி சட்டைப் பொத்தான் போட்ட கை அது, அந்தக் கை தொட்டதை அதுவும் தொடும் என்றாள். அதுவும் என்றால் எது என்று நான் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பொத்தான் போட்ட கைதான், இல்லையென்று சொல்லவில்லை. கழுத்துப் பொத்தானை அவருக்குப் போட்டுவிடுவது எத்தனை வருஷமாக என் வேலை, கடைசியாக ஒருமுறை போட்டேன், அதில் என்ன தீட்டு வந்துவிடும்.

உன் அப்பா கரையில் உட்கார்ந்து மடியில் வலையை வைத்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று உனக்குத் தெரியும், அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது. நீ விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் ஊருக்கெல்லாம் தெரியும், மகள் அடக்கத்துக்கு வரவில்லையே என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, சொன்னால் நான் விட்டிருக்கவும் மாட்டேன். அதற்குப் பிறகு என் கை இரண்டும் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி மடியில் கிடந்தன. அரிசி களைய உட்கார்ந்தால் களைந்துகொண்டே இருப்பேன், தண்ணீர் தெளிந்து வெகு நேரம் ஆகியிருக்கும். கோயிலுக்குப் பின்ன ஆரம்பித்த பீடத்துணி பாதியில் கிடந்தது, ஊசியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் நீ போனில், போன தடவை நின்றுபோன மாதத்தைத் தாண்டிவிட்டேன் அம்மா என்று மெதுவாகச் சொன்னாய், சத்தமாகச் சொன்னால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது போல. மறுநாள் காலையில் ஜீப்னி வண்டியில் ஏறி டவுனுக்குப் போய் நூல் வாங்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

பால் பருத்தி நூல் என்று கேட்டு வாங்கினேன். கன்னத்தில் ஒவ்வொரு பந்தாக வைத்துப் பார்த்தேன், கடைப் பெண் என்னம்மா நூலைக் கொஞ்சுறீங்க என்று சிரித்தாள், போர்த்திக்கப் போறவங்க வாயைத் திறந்து குறை சொல்லமாட்டாங்க, அதனால நான்தான் முன்கூட்டிப் பார்க்கணும் என்றேன். வெள்ளைதான் நிறைய, ஓரத்துக்கு மட்டும் இளமஞ்சள், பிறப்பது யாராக இருந்தாலும் பொருந்தும். பீடத்துணிக்கு எடுக்கும் மெல்லிய ஊசியை விட்டுவிட்டு நல்ல தடிமனான கொக்கி ஊசியாக எடுத்தேன், தடித்த ஊசியில் பின்னினால்தான் துணி காற்றாக வரும். முதல் வரிசைச் சங்கிலியை லூசாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடி ஓரம் பை வாய் மாதிரி சுருங்கிவிடும். எனக்கு அது சுருங்கிச் சுருங்கி வந்தது. அவரை நினைத்துக்கொண்டே இழுத்தால் கண்ணி இறுகத்தானே செய்யும். அவிழ்த்தேன், முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்பப் போட்டேன், அதுவும் இறுகியது, அதையும் அவிழ்த்தேன். சரியாக வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன், வந்தது. அப்புறம் கஷ்டமில்லை, ஒரு உயரக் கண்ணி, பக்கத்தில் ஒரு சங்கிலி இடைவெளி, அடுத்த வரிசையில் அந்த இடைவெளிக்குள்ளேயே உயரக் கண்ணி, திரும்பத் திரும்ப இவ்வளவுதான் வேலை. ஓட்டை வழியாகக் காற்று போகும், ஆனால் குழந்தை விரல் மாட்டாது, ஒவ்வொரு வரிசையிலும் என் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்துத்தான் மேலே போனேன். குஞ்சம், ரிப்பன் ஒன்றும் வைக்கவில்லை, அதெல்லாம் வாயில் போகிற சாமான். என் கறுப்புப் பாவாடை மேல் வெள்ளை நூல் பளிச்சென்று தெரிந்தது, விளக்குப் போடாமலே கண்ணி எண்ண முடிந்தது. துக்கத் துணியால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இது.

போன வாரம் முடிந்தது, முடிந்ததும் ஒரு கூத்துப் பண்ணிவிட்டேன், கேட்டுக்கொள். துவைத்தேன், பழக்கத்தில் கை மரவள்ளிக் கஞ்சிப் பாத்திரத்துக்குப் போய்விட்டது. எத்தனை வருஷமாகப் பீடத்துணியும் மேஜைத்துணியுமே பின்னியிருக்கிறேன், பின்னியதைக் கஞ்சியில் முக்கிப் பலகையில் நீட்டி, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைக்காவிட்டால் வேலை முடிந்த மாதிரியே எனக்கு இருக்காது. அதையே இதற்கும் செய்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவள் போல மீன் பொரிக்கப் போய்விட்டேன். வந்து தூக்கினால் போர்வை மடங்க மாட்டேன் என்கிறது, அப்பளம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. சோலெங் அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள். விரலால் தட்டிப் பார்த்தாள், சத்தம் வந்தது. இது பிள்ளைக்கா அண்ணி, இல்ல படகுக்குப் பாய் கட்டப் போறியா என்றாள். சிரிப்பு வந்ததை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்தேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அன்றுதான், சிரித்து முடித்ததும் இரண்டு பேருமே பயந்துபோய் அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தோம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்து அலசினேன், கஞ்சி விட்டுப் போகவே மனசில்லாமல் போயிற்று. வெளியே விடாத மழை, காயப்போட வழியில்லை, க்ளெண்டா கிளம்பும் நாளோ நெருங்குகிறது. ஈரத்தோடு பையில் வைத்தால் வழியிலேயே நாற்றம் பிடித்துவிடும், நனைந்த சாக்கு மாதிரிதான் உன் கைக்கு வரும். கடைசி அலசலில் நான் அவசரத்தில் முறுக்கப் போனேன். பார்த்துக்கொண்டிருந்த சோலெங்குக்குத் தாங்கவில்லை, அப்படியா முறுக்குவாங்க, கோணிக்கிட்டுப் போயிடும் கொண்டா இங்கே என்று பிடுங்கி, துண்டில் சுருட்டி, மண்டியிட்டு மேலே உட்கார்ந்து நீரை அழுத்தி எடுத்தாள். அவள் கையும்தான் அவள் அண்ணனைத் தொட்டது, வாய்வரை வந்தது, சொல்லவில்லை. விரித்து ஃபேனுக்கு அடியில் போட்டோம், இரண்டு நாள் ஃபேன் அதற்காகவே ஓடியது, நாங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்தோம். இப்போது தொட்டுப் பார், வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நீ அங்கே துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசு, உன் லாண்டரி மிஷினில் போட்டுவிடாதே. குழந்தை தனியாகத் தூங்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் விடாதே, மடியில் வைத்திருக்கும்போது போர்த்து.

இன்று மத்தியானம் க்ளெண்டா பையோடு வந்தாள். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன், சோலெங் அவளுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தாள். மணிலாவுக்குப் போற வழியில பஸ் நிக்கிற இடத்துல நீ இந்தப் பையோட இறங்கணும், ஒரு ரொட்டியாவது வாங்கித் தின்னணும், கொஞ்ச நேரம் உட்காரணும், அப்புறம்தான் ஏறணும் என்றாள். துக்க வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் நடுவில் எங்காவது நின்று, கூட வருவதை அங்கேயே உதறிவிட்டுப் போவோமே, அதேதான். க்ளெண்டா தலையாட்டினாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ இறங்கு, சாப்பிடு, பையை மட்டும் இறக்காதே, பஸ்சிலேயே யார் மடியிலாவது இருக்கட்டும் என்றேன். நல்லா இருக்கு பெரியம்மா, ஒருத்தர் இறங்குன்னு சொல்றீங்க, ஒருத்தர் இறங்காதேன்னு சொல்றீங்க, நான் ஒண்ணுக்குக்கூடப் போகக்கூடாதா என்றாள் அந்தப் பெண். சோலெங்குக்கு முகம் மாறிவிட்டது. அண்ணி, உதறாம அனுப்பினா கூடவே போயிடும் என்றாள். எது போகும், பேரைச் சொல்லு, உங்க அண்ணன்தானே என்று கேட்டேன். மகளைப் பார்க்கணும் மகளைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்த மனுஷன், அவருக்குப் பேரப்பிள்ளை பொறக்கப் போகுது, அவரை நடுவழியில ரொட்டிக் கடையில இறக்கி விட்டுட்டு வரச் சொல்றியா நீ என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, எனக்கே தெரிந்தது.

சோலெங் போர்வை ஓரத்து மஞ்சளைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் க்ளெண்டாவைப் பார்த்து, அப்படின்னா நீ ஜன்னல் ஓரமா சீட் கேட்டு வாங்கு, அண்ணனுக்குக் கடல்ல எந்த அலையும் ஒண்ணும் பண்ணாது, பஸ்சுல ஜன்னல் இல்லேன்னா வாந்தி வந்துடும் என்றாள். க்ளெண்டாதான் முதலில் சிரித்தாள், சோலெங் சிரிக்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகவே மகளே, இதுதான் விஷயம், மறைக்கவில்லை. எதையும் உதறாமல்தான் அனுப்புகிறேன். உனக்குப் பயமாக இருக்கும், எனக்கும் பயம் இருக்கிறது, பயம் இல்லாத தாய் உண்டா. ஆனால் ஒன்று யோசி. போன தடவை கண்ணு பட்டுவிடும், காத்து கறுப்பு அண்டிவிடும் என்று ஒரு முழ நூல்கூட வாங்காமல் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அதனால் அது தங்கிவிட்டதா. இந்தத் தடவை தங்க வேண்டும் என்று கேட்டுப் பின்னியிருக்கிறேன், ஒவ்வொரு கண்ணியிலும் கேட்டிருக்கிறேன். வந்து சேர்ந்தால் நாம் பயப்பட வேண்டிய ஆள் உன் அப்பா இல்லை. நீ காய்ச்சலில் கிடந்தால் கடலுக்குப் போகாமல் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது மட்டும் வேறு எதற்காக வரப்போகிறார்.

வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே வேலை பார்க்காதே, கால் வீங்கினால் உயர்த்தி வை, மாப்பிள்ளையை வெறும் நூடுல்சில் வயிற்றை நிரப்ப விடாதே. கர்த்தரும் மாதாவும் உன்னையும் குட்டியையும் கைவிடாமல் பத்திரமாகப் பிரித்து இரண்டு பேராக்கித் தரட்டும், அதுதான் நான் கேட்பது. பையை நீ பிரிக்கும்போது ஒன்றை மறக்காதே, உன் அப்பா விமானத்தில் ஏறியதே இல்லை, அசந்துபோய் வருவார், முதலில் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடு.

உனக்காகவே இங்கே நிமிர்ந்து நிற்கும்
உன் அம்மா
தியோஃபிலா