நாற்பது போல்ட்

சென்னை-4
15-2-1996

அன்புள்ள நீரஜாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், மாத்திரை போட்டுக்கொள்கிறோம். அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதப் பேனா வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். ஷ்ரேயாவுக்கு இருமல் நின்றதா? மெல்போர்னில் இப்போது வெயில் காலம் என்பதற்காகக் குழந்தைக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுக்காதே.

செவ்வாய்க்கிழமை போனில், ஷோவில் நடந்ததற்குக் கருணாகரன் மாமாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு அம்மா என்றாய். மாட்டேன். ஏன் என்பதை அப்பா பக்கத்தில் இருக்கும்போது போனில் சொல்ல முடியாது. உனக்குக் கல்யாணமான வருஷம் மிலிட்டரி ஏலத்தில் அப்பா எடுத்துவந்த ஜீப் நினைவிருக்கும். 43-ஆம் வருஷத்து ஃபோர்டு. வந்தபோது பின் சீட்டில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. யுத்த காலத்தில் அந்தக் கம்பெனி தன் வண்டியின் போல்ட் தலைகளில் எஃப் என்று எழுத்து வைத்திருந்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டாகவே தேடி அப்பா ஒன்பது வருஷம் புதுப்பேட்டையில் அலைந்தார். கிடைத்தவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டது நான். இருநூற்றுப் பத்து. எனக்கு ஜீப் பிடிக்காது. ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் என் விரலுக்குத் தெரியும்.

அக்டோபரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள், நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கருணாகரன் வாசலில் நின்றான். அடையாற்றில் மூன்று ஜீப் நிறுத்தியிருப்பவன், பழைய வண்டி கிளப்பின் செயலாளர், அப்பாவின் இருபது வருஷ சிநேகிதன். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப்பார்க்காதவன். போல்ட் பாட்டிலை எடுத்துக்கச் சொல்லி சாரே சொல்லிட்டார் மாமி, என்றான். எனக்கு அப்போது எது பொய், எது நிஜம் என்று யோசிக்கத் தலை இல்லை. எடுத்துக்கொடுத்தேன். அப்பா வீடு திரும்பி, அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று போன் செய்து கேட்டார். அவன் உடனே நேரில் வந்தான். அப்பா கட்டிலில். இவன் நாற்காலியில், கால்மேல் கால். “நீங்க இனிமே ஸ்பேனர் பிடிக்கப் போறீங்களா சார்? வண்டியாவது பிழைக்கட்டும், விடுங்க” என்று சிரித்தான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மன்னிப்பு யார் கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றே தெரியும்.

ஜனவரியில் மறுபடி வந்தான். கிளப்பின் பிப்ரவரி ஷோவுக்கு அவன் ஜீப் தயாராகிறதாம், எல்லாப் பாகமும் அசலாக இருந்தால்தான் பரிசாம். “இன்னும் ஒரு நாப்பது இருந்தா பானெட்டும் கண்ணாடி ஃபிரேமும் முடிஞ்சிடும் மாமி. சார் வேற எங்கேயாவது ஒளிச்சு வச்சிருப்பாரே.” வைத்திருந்தார். நான்கு வருஷத்துக்கு முன்பு தேடித் தேடி அலுத்துப்போய், சாதாரண போல்ட்டுகளை வேளச்சேரி வெள்ளைத்துரையின் லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் தலையில் எஃப் எழுத்தைப் பஞ்ச் அடித்து வாங்கிவந்தவை. வண்டியில் பூட்ட மனசு வராமல் மேல் அலமாரியில் காபிப்பொடி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். அந்த மாதமே கொய்யாப்பழம் கொடுக்க வந்த வெள்ளைத்துரைதான் உளறினான். “யாராண்டயும் சொல்லாத தொரைன்னாரு மாமி. நீ யாரோவா? அதான் சொல்றேன்.” அசலில் எழுத்து புடைத்திருக்கும். இவற்றில் பள்ளம். விரல் வைத்தால் போதும். ஆனால் கருணாகரன் விரல் வைக்கிறவன் இல்லை, ஆள் வைக்கிறவன். ஆட்களுக்கும் தெரியக்கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பதுக்கும் நானே பச்சை பெயிண்ட் கனமாக அடித்தேன். பிறகு வரச்சொல்லி, காபி கொடுத்து, டப்பாவைக் கொடுத்தேன். “நீங்க தெய்வம் மாமி” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஷோ. அப்பா வரமாட்டேன் என்றார். நான்தான் ஆட்டோ வைத்து அழைத்துப்போனேன், அவர் பார்க்க வேண்டும் என்று. புனேயிலிருந்து நடுவராக வந்த ரிட்டயர்டு கர்னல் பானெட் பக்கம் குனிந்து ஒரு போல்ட்டைக் கட்டை விரலால் தடவினார். நின்றார். பேனாக்கத்தி கேட்டார். சுரண்டினார். இன்னொன்று, மற்றொன்று. பிறகு வண்டியை வரிசையிலிருந்து வெளியே தள்ளச் சொன்னார். அவன் ஆட்களே தள்ளினார்கள். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது, நீரஜா. பொய் எழுதமாட்டேன். இன்னும் இனிக்கிறது. அவன் அப்பாவை நோக்கி விரல் நீட்டி, “அந்தாளு கொடுத்ததுய்யா! அவரையே கேளுங்க” என்று கத்தினான். யாரும் நம்பவில்லை. ஸ்ரீரங்கன் சாரா, போய்யா, என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கிளப் அவனை நீக்கிவிட்டது.

திரும்பும் வழியில் ஒரே கேள்வி. “டப்பா விஷயம் உனக்கு எப்போத்துலேர்ந்து தெரியும்?” நாலு வருஷமா, என்றேன். “நாலு வருஷமா தெரிஞ்சுண்டே காபி கொடுத்திருக்கே” என்றார். தனக்கா, கருணாகரனுக்கா, யாருக்குக் கொடுத்த காபியைச் சொன்னார் என்று தெரியவில்லை. அதோடு பேச்சு நின்றது. இன்றைக்கு நாலாவது நாள். தட்டு வைத்தால் சாப்பிடுகிறார்.

நேற்று கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதி என் முன்னால் வைத்தார். லஸ் தபால்பெட்டி வரை நடக்க அவருக்கு இன்னும் அனுமதி இல்லை. உறையை ஒட்டவில்லை, நான் படிக்கட்டும் என்றுதான். பஞ்ச் அடித்தது நான், கருணாகரன் அறியாதவர், அவரைத் திரும்பச் சேர்த்து என்னை நீக்குங்கள் என்று நாலே வரி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடிதம் போனால் அவன் மறுபடி செயலாளர். அப்பா திருடர். கட்டில் பக்கத்தில் அவன் சிரித்த சிரிப்பை அவர் மன்னித்திருக்கலாம். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதோடு சேர்த்துத்தான் அதையும் தபாலில் போடக் கிளம்புகிறேன். இது மட்டும் பெட்டிக்குள் விழும்.

நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு இரு. குழந்தைக்குத் திங்கட்கிழமை எண்ணெய் தேய்த்துவிடு. அப்பா என்னிடம் கேட்கமாட்டார். அடுத்த முறை பேசும்போது உன்னிடம்தான் கேட்பார், கிளப் கடிதத்தை அம்மா போட்டுவிட்டதாக எழுதினாளா என்று. எழுதினாள் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
சூடாமணி