பேனரில் ஏறிய குவேசார்

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முட்டியும் என் பிரஷரும் மட்டும் அந்தக் கிருபைக்கு வெளியே நிற்கின்றன. நீ சுகமா என்று கேட்கப் போன் பண்ணினால் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். பெற்ற தாய்க்குக் கட்டை விரல்! அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். அந்தச் சிலி நாட்டுத் தொலைநோக்கி மலையில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், இருந்தாலும் கடைசி வரி வரை படி.

முதலில் பேனர் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீ வேறு யார் மூலமாவது கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பொங்கல் சமயத்தில் நீ போன் பண்ணி, படத்தில் பார்க்க வேண்டிய சிவப்புப் புள்ளிகள் நிறைய, அதில் ஒன்று குவேசார், அதாவது வானத்தின் கோடியில் எரிகிற வெளிச்சம் மாதிரி தெரிகிறது, இன்னும் உறுதியாகவில்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாய் அல்லவா? உன் அப்பாவிடம் போய் அப்படிச் சொல்லலாமா? மறுநாளே லூப் ரோட்டில் வஞ்சிரம் வாங்கப் போன இடத்தில் ஆரம்பித்துவிட்டார். "பிரபஞ்சம் கைக்குழந்தையா இருந்தப்போ கெளம்புன வெளிச்சம்மா, ஆயிரத்து முந்நூறு கோடி வருஷமா வந்துகினே கீது, என் பொண்ணு கண்ணுலதான் மாட்டுச்சு" என்றாராம். அவ்ளோ பழசா, ஐஸ்ல வெச்சிருந்தாங்களா என்று மீன்காரம்மா கேட்டாளாம். அந்த வாரமே தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. நடுவில் உன் பட்டமளிப்புப் படம், பக்கத்தில் வளையம் போட்ட சனிக் கிரகம், ஏனென்றால் பேனர் கடை கணேசமூர்த்தியிடம் குவேசார் படம் இல்லையாம். கீழே வட்டத்துக்குள் நானும் அப்பாவும் வார்டு கவுன்சிலருக்கு நிற்பவர்கள் மாதிரி கும்பிடுகிறோம். தலைப்பு, குவேசார் கண்ட குலவிளக்கே. பங்குச் சாமியார் சும்மா இருப்பாரா? ஒளி உண்டாகுக என்று கடவுள் சொன்ன அன்றைய ஒளியையே நம் பங்குப் பெண் பிடித்துவிட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தார், ஏதோ நீ பிக்பாக்கெட்டைப் பிடித்தது போல. பங்குத் திருவிழாவில் உன் சார்பில் அப்பாவுக்குப் பொன்னாடை என்றும் முடிவாகிவிட்டது.

அப்போதுதான் உன் மெசேஜ் வந்தது. அது குவேசார் இல்லை, பழுப்புக் குள்ளன் என்கிற மங்கலான நட்சத்திரம், தூரத்தில் எல்லாம் இல்லை, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மன்னித்துவிடுங்கள் என்று மூன்று வரி, அதோடு உன் குரலும் நின்றுவிட்டது. அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார், பிறகு என்னைப் படிக்கச் சொன்னார். நான் நல்ல யோசனைதான் சொன்னேன். ஏங்க, நம்ம தெருவுல யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது, பேசாம பொன்னாடையை வாங்கிக்கிட்டு வாங்க, கறிச்சோறு வேற இருக்கு என்றேன். அவர் என்னை யூதாசைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பாப்பாவே சொல்லிட்டா, நான் மறைச்சா நல்லாவா கீது?" என்றார். அதற்கப்புறம் ராத்திரியும் பகலும் உட்கார்ந்து ஏதேதோ படித்தார், ஒன்றும் புரியவில்லை என்று என் மேல் எரிந்து விழுந்தார், மறுபடியும் படித்தார்.

திருவிழா அன்று அப்பா முட்டி வலியோடு மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "போகி அன்னிக்குக் காலைல பீச் ரோட்டுல நிக்கிறீங்க. பொகைக்குள்ள செவப்பா ஒரு வெளிச்சம் தெரியுது. தூரத்துல வர்ற பெரிய லாரியா, கிட்டக்க நிக்கிற ஆட்டோவா? போட்டோல ரெண்டும் ஒண்ணுதான். அந்த வெளிச்சத்த நெறம் நெறமாப் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். என் பொண்ணு லாரின்னு நெனச்சா. பிரிச்சுப் பாத்தா, ஆட்டோ." பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் பேனருக்கு வந்த அவமானம் தாங்காமல் கணேசமூர்த்தி எழுந்து, அப்ப தப்பக் கண்டுபுடிச்சது யாரு, வெள்ளைக்காரனா என்று கேட்டான். "அவளேதான். யாரும் கேக்கல நைனா. அவளே பாத்தா, அவளே சொல்லிட்டா" என்றார் அப்பா. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, மைக் கோளாறு என்று பிறகு சாதித்தார். கையில் பொன்னாடையோடு நின்ற சாமியாருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, தி.நகர் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அப்போது நம் கீழ்வீட்டு ஹாஜிரா பீ எழுந்தாள், விருந்துக்கு வந்தவள். "அந்த ஆட்டோவ இதுக்கு முன்னாடி யாராச்சும் பாத்திருக்காங்களா?" என்றாள். இல்லை என்றார் அப்பா. "அப்ப அதையும் உங்க பொண்ணுதானே மொதல்ல பாத்துச்சு? இன்னா பாத்துக்கினு கீறீங்க, கை தட்டுங்க" என்று ஒரு அதட்டல் போட்டாள். எல்லாரும் தட்டினார்கள். பாதி உனக்கு, பாதி அந்த நேரத்தில் திறந்த பிரியாணி அண்டாவுக்கு. சாமியார் நிம்மதியாகப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்.

திரும்பி வரும்போது அந்தப் புழுக்கத்திலும் சரிகைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தெரு சிரித்ததை நினைத்து வருந்துகிறார் என்றுதான் நான் எண்ணினேன். வீட்டு வாசலில் நின்று, "அது குவேசார் இல்லன்னு தெரிஞ்சப்ப அந்த மலைல பாப்பாகூட யாரு இருந்தா?" என்று என்னைக் கேட்டார். அத்தனை நாளும் அவர் மனதில் ஓடியது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. நான் சாவியைத் தேடுவது போலப் பையைத் துழாவிக்கொண்டு நின்றேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, பார்க்க இன்னும் நிறைய புள்ளிகள் மீதி இருக்கின்றன என்றாயே, அவற்றைப் பொறுமையாகப் பார். மாதாவின் துணை எப்போதும் உன்னோடு இருக்கட்டும், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். மறக்காமல் ஒன்று செய், அப்பாவுக்குப் போன் பண்ணி அவர் கேட்டதற்குப் பதில் சொல். யாரும் இல்லை என்றால் இல்லை என்றே சொல், எங்களைச் சமாதானப்படுத்த ஒன்றும் இட்டுக்கட்டாதே. என் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று அந்த மனுஷன் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

என்றும் உன் அம்மா,
கிளாடிஸ் பவுல்சாமி
சாந்தோம்