காலை எட்டு மணி ரத்த அழுத்தம்

அன்புள்ள என்னவருக்கு,

நலம். உங்கள் நலத்தையும் அங்குள்ள குளிரையும் நினைத்தபடி எழுதுகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் வாங்கி நானே மாற்றிவிட்டேன். செய்தியாக அனுப்பினால் வேலை அவசரத்தில் படிப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து என்னைக் கணினி அறைக்கு மாற்றியதைச் சொன்னேன் அல்லவா? நூற்றிருபது நோயாளிகள், ஒருவர் முகமும் தெரியாது. அவரவர் வீட்டில் அளக்கும் பட்டையைக் கையில் கட்டினால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் என் திரைக்கு வந்துவிடும். கூடினால் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கால்வலி போயிற்று, பேச்சுத்துணையும் போயிற்று.

அவர்களில் எழுபது வயது அம்மா ஒருவர். காலை எட்டு மணிக்கு அளவு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் தினம் ஒரு நிமிடம் கூப்பிட்டுப் பேசுவேன். அவர் வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். போன மாதம் திடீரென்று ஐயாவே போனை எடுக்கத் தொடங்கினார். அம்மா குளிக்கிறாள் என்பார், தூங்குகிறாள் என்பார். அளவும் மெல்ல ஏறிக்கொண்டே போனது. செவ்வாய்க்கிழமை திரை சிவந்துவிட்டது. அம்மாவிடம் கொடுங்கள், இல்லையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவேன் என்றேன்.

அதற்கு ஐயா, "அவ போயி இருபத்திரண்டு நாளாச்சும்மா. நான்தான் என் கையில கட்டிக்கிட்டேன். கட்டலேன்னா நீங்க கூப்பிட மாட்டீங்களே" என்றார்.

அப்படியானால் திரையில் சிவந்திருந்தது அவருடைய அளவு. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள் என்று சொல்லி வண்டியை அனுப்பினேன். தாமதித்திருந்தால் கை கால் விழுந்திருக்கும் என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டார். இப்போது அவர் பெயரிலேயே பதிவு போட்டாயிற்று. அம்மாவின் பதிவை நான்தான் மூடினேன். காரணம் கேட்ட கட்டத்தில் ஒரு சொல்தான் அடிக்க வேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அடிக்க முடிந்தது.

இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தாய் என்று மேற்பார்வையாளர் கேட்டார். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நாடித்துடிப்பு வேறு ஆளுடையது என்று, ஐயா போனை எடுக்கத் தொடங்கிய பத்தாம் நாளே எனக்குப் பட்டது. கேட்டால் அந்த ஒரு நிமிடப் பேச்சும் நின்றுபோகுமே என்று கேட்காமல் இருந்துவிட்டேன். ஒரு உயிரே போயிருக்கும்.

படித்ததும் கோபம் வரும். திட்டுங்கள், ஆனால் எழுதித் திட்டாதீர்கள், கூப்பிட்டுத் திட்டுங்கள். ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் உங்கள்
வீட்டுக்காரி