மடித்த கம்பியும் ஏரிக்கரையும்

பிப். 9, ஞாயிறு

பனி. ஏழு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை.

எட்டேகாலுக்குச் செயற்கைக்கோள் வரும் நேரம்; அது வழியாகத்தான் தூரத்து ஊர் ரேடியோக்காரர்களோடு பேசுவோம். பாலாற்றங்கரையில் நானும் பாஷா பாயும். நான் பக்கச் சக்கர ஸ்கூட்டரில், கையில் வாக்கி-டாக்கி. பாய் பக்கத்தில் நின்று ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல் முதலில் அவரே மைக்கில்: “நம்ம சேகருக்குக் கால் வராதுபா. ஆன்டெனா நான் புடிச்சுக்கினு இருக்கேன். இப்ப அவர் பேசுவாரு.”

கோள் தலைக்கு மேல் இருப்பதே பத்து நிமிஷம். அதிலும் இந்த அறிமுகம்.

பாய் நல்லவர். ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு என்னை வண்டியில் கூட்டிப் போனவர். அதனாலேயே வாயைத் திறக்க முடிவதில்லை.

இன்று கேட்டுவிட்டேன், ஒரு தடவை நானே பிடிக்கிறேன் என்று. ஆன்டெனாவில் ஒரு மீட்டர் நீளக் குச்சிகள். ஹேண்டில்பாரில் இடித்தது, கண்ணாடியில் மாட்டியது. ரெண்டே நிமிஷத்தில் மணிக்கட்டு தொங்கிவிட்டது.

“உன்னால ஆவாதுபா, வுடு.”

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவி அமுதாவிடம் பொய்.

பிப். 11, செவ்வாய்

கடையில் ரெண்டு மோட்டார் வைண்டிங். ஒன்று மாகறல் பம்புசெட்.

மதியம் ஃப்ராக்டல் ஆன்டெனா பற்றிப் படித்தேன். கம்பியை முக்கோணமாக மடிக்க வேண்டும், அந்த மடிப்புக்குள்ளேயே அதே மாதிரி குட்டி மடிப்பு. நீளம் குறையும், வேலை நடக்கும். செம்புக் கம்பிக்கா பஞ்சம் நம் கடையில்!

ஒரு மீட்டர் வெட்டி மடித்தேன். ஆன்டெனா சோதிக்கிற கருவியை வைத்துப் பார்த்தால் படுமோசம். வேண்டிய அலைவரிசைக்கு எவ்வளவோ மேலே போய் நிற்கிறது. மடித்த கம்பி நேர்க்கம்பி அளவுக்கு வேலை செய்யாதாம். இன்னும் கூடுதல் கம்பி வேண்டும். புத்தி வந்தது.

அமுதா தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். “இன்னாங்க, கம்பியில தாழம்பூ ரேக்கு போட்டுக்கினு இருக்கீங்க?” புடவைக் கரையில் அவள் நெய்கிற அதே முக்கோணங்கள்தான்.

“மடிப்பு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வர்ல,” என்றாள். உண்மை.

பிப். 13, வியாழன்

நாலாவது கம்பி. ஜெயம்!

கருவியில் 1.4; ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. மூன்று தடவை பார்த்தேன். குச்சி நீளம் எழுபது சென்டிமீட்டர். மின்சார வயர் போகிற பிளாஸ்டிக் குழாயில் கட்டியாயிற்று. மொத்த எடை தேங்காய் அளவுகூட இல்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்து எந்தப் பக்கமும் திருப்பலாம்.

மடிப்பு, பேசுகிற அலைவரிசைக்கு மட்டும். கேட்கிற அலைவரிசைக்கான குச்சிகள் எப்படியும் சின்னதுதான், நேராகவே விட்டேன்.

பாயிடம் போனில் சொன்னேன். “கெயின் கொறையும்பா. பொம்மை அது.” சிக்னல் வலு குறையும்தான், தெரியும். வேண்டிய அளவுக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி.

வாங்க வேண்டியது: கறுப்பு டேப், அமுதாவுக்குத் தைலம், விளக்குச் சிம்னி... இல்லை, அது இருக்கிறது.

பிப். 16, ஞாயிறு

வண்டியை நிறுத்தியதும் நோட்டை எடுத்துவிட்டேன். சந்தோஷத்தில்.

தனியாகத் தென்னேரி போனேன். யாரிடமும் சொல்லவில்லை, அமுதாவைத் தவிர. ஏரியில் தண்ணீர் நிறைய. கரையில் மாடு மேய்க்கிற பெண் ஒருத்தி. “இன்னாண்ணா அது, டிவி ஆன்டெனாவா?” “பேசுற ஆன்டெனாம்மா.” நம்பவில்லை.

9.42. கோள் எழுந்தது. எல்லோர் குரலும் கேட்கிறது. நான் அழைத்தேன். பதில் இல்லை. மறுபடி. இல்லை. மூன்று நிமிஷம் போய்விட்டது. பாய் சொன்னதுதான் சரியோ? கோளின் அலை வாக்குக்கு ஒத்துப்போகிறதா பார்ப்போம் என்று சட்டென்று மணிக்கட்டைத் திருப்பி, படுத்திருந்த குச்சிகளைச் செங்குத்தாக்கி அழைத்தேன்.

“காஞ்சிபுரம், வடிவாக் கேக்குது அண்ணா. இது யாழ்ப்பாணம்.”

ஒரு பெண் குரல். அப்புறம் ஐதராபாத். அப்புறம் மதுரை. மூன்று பேர்! ஆன்டெனா இடது கையில், வாக்கி வலது கையில், இரண்டும் என் கைகள். என் காலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மாட்டுக்காரப் பெண் கைதட்டினாள். நான் அழுதேன், கொஞ்சம்.

பிப். 17, திங்கள்

பாய் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். நேற்று நான் பேசியதை அவர் வீட்டு மாடியிலிருந்து ரேடியோவில் கேட்டிருக்கிறார். ரொம்ப நேரம் ஆன்டெனாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“மூணு பேராபா?”

“மூணு பேரு பாய்.”

டீ வந்தது. குடித்தார். தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டார். “அந்தப் பெரிய ஆன்டெனா தூக்கித் தூக்கி எனக்கும் முடியலபா. வெளிய சொல்லிக்கல. எனக்கு ஒண்ணு மடிச்சுக் குடுக்கிறியா?”

“அளவு நான் சொல்றேன் பாய். மடிக்கிறது நீங்க.”

சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். முதல் கம்பி கோணல்.